கூட்டிப் பெருக்கிய காடு

ஷூவை வாசலிலேயே கழற்றி வைத்ததற்கு நன்றி, சார். இங்கே வருகிற அதிகாரிகளில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. காடெல்லாம் சுற்றிவிட்டு அதே காலோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, "வீட்ட ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க சார்" என்று பாராட்டுவார்கள். பாராட்டுகிற வாய்க்குக் கீழே பார்த்தால் தரையெல்லாம் சேறு. நான் முகம் சுளிக்கமாட்டேன். அவர்கள் கிளம்பியதும் துடைத்துக்கொள்வேன்.

உட்காருங்கள். நீங்கள் கேட்க வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். ஒரு அறையைக் கூட்டும்போது உள் மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் குப்பை நாலு பக்கமும் சிதறும், அப்புறம் எது எங்கே கிடந்தது என்றே தெரியாது. டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் தியேட்டரைக் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, உள்ள வரலாம்" என்று சொல்கிற ஆள் நான். என் ஒரு தலையாட்டலுக்காகப் பெரிய பெரிய சர்ஜன்கள் கழுவின கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள். என் தியேட்டரில் ஒரு புண்கூடச் சீழ் பிடித்ததில்லை என்று அங்கே இன்றைக்கும் சொல்வார்கள். சுத்தம் சோறு போடும் என்பார்கள் இல்லையா, எனக்கு உண்மையாகவே போட்டது.

என் மனைவி காட்டைப் படிக்கிறவள். உங்களுக்கே தெரியும், இந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவி. கல்யாணமான புதிதில் அவள் தம்பி, என் மச்சினன், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அக்காவ கட்டிக்கிறது ஈஸி மாமா, காட்டுலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுதான் கஷ்டம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவள் வாரமெல்லாம் காட்டில் இருப்பாள், சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். தலையில் ஒரு சருகு இருக்கும், காதுக்குப் பின்னால் ஒரு எறும்பு ஊரும். நான் எடுத்துப் போடுவேன். பிறகு இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை என்றானது. பிறகு போன் மட்டும்.

ஒரு நாள் போனில், "நீங்க வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடுங்களேன். சாயங்காலம் ஆனா நான் வீட்டுக்கு வந்துடுவேன், நிம்மதியா பேசிட்டு இருக்கலாம்" என்றாள். அந்த ஒரு பேச்சை நம்பி விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசையில் இது வருகிறது, அதனால் சொல்கிறேன்.

வந்தேன். சாயங்காலம் ஆனது. அவள் வரவில்லை. இருட்டிய பிறகு வந்தாள், கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தாள், வாய் ஓயாமல் கார்பனைப் பற்றிப் பேசினாள். கார்பன் என்றால் கரி. கரி என்றால் நான் வாழ்நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த சமாசாரம். இவள் அதைக் காட்டுக்குள் பத்திரமாகச் சேர்த்து வைக்கவேண்டும் என்கிறாள். நாங்கள் எப்படி ஒரே கூரைக்குக் கீழே வந்தோம் என்று எனக்கே அப்போது ஆச்சரியமாக இருந்தது.

காட்டுக்குள் நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டிய ஒரு பெரிய பகுதி உண்டு. அதைச் "சதுரம்" என்பார்கள். அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் அதற்குள்தான். அதில் தரையில் அங்கங்கே சின்னச் சின்ன வலைப்பைகள் கிடக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிடி சருகு. பாதி அழுகி, பிசுபிசுவென்று, புழு நெளிந்துகொண்டு. வந்த புதிதில், பாவம், உதவியாக இருக்கட்டுமே என்று ஒரு காலையில் போய் அத்தனை பைகளையும் பொறுக்கி வந்தேன். உள்ளே இருந்ததைக் கொட்டினேன். சோப்புப் போட்டுத் துவைத்து, அலசி, கொடியில் வரிசையாகக் காயப் போட்டேன்.

அவள் வந்து கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"துவைச்சேன். உள்ள ஒரே நாத்தம்."

"அது மக்கட்டும்னுதாங்க அங்க போட்டிருந்தேன். எவ்வளவு நாள்ல எவ்வளவு மக்குதுன்னு பாக்கறதுதான் என் வேலையே."

பிறகு எனக்குப் பொறுமையாகப் பாடம் நடத்தினாள். மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்து உடம்பில் வைத்துக்கொள்கிறது. இலையும் கிளையும் விழுந்து மக்கும்போது அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. மரத்தில் இருக்கிற அளவுக்கு மண்ணிலும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மண் பட்டினி, மண் பட்டினி கிடந்தால் மரமும் பட்டினி. "இது குப்பை இல்லீங்க. காட்டோட சாப்பாடு" என்றாள்.

"சாப்பாடுன்னா மூடி வெக்கணும்ல? இப்படியா தரையில கொட்டி வெப்பாங்க?" என்று கேட்டேன்.

சிரித்தாள், சார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள். ஆபீசில் சொன்னாள். மறுநாள் நான் பால் வாங்கப் போனால் நிலையத்துக் காவல்காரர், பெரிய மீசை வைத்திருப்பார், "சார், நம்ம காட்ட எப்ப துவைக்கப் போறீங்க?" என்கிறார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று, நல்லதுதானே என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை.

பாடத்தை மட்டும் நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆரம்பித்தது வீட்டிலிருந்து சதுரத்துக்குப் போகிற பாதையில். நடக்கிற பாதையைக் கூட்டுவதை யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது, அந்தப் பக்கம் குவியல் குவியலாகச் சருகு. ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகம் மாதிரி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கூட்டும் முறையைச் சொல்கிறேன், அதில்தான் எல்லோரும் ஏமாந்தார்கள். சோம்பேறி என்ன செய்வான், மேலே தெரிகிற குப்பையைக் கூட்டி விரிப்புக்கு அடியில் தள்ளுவான். நான் அதை அப்படியே திருப்பிப் போட்டேன். மேலே கிடக்கும் புதுச் சருகை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் இருக்கிற கறுப்பு மக்கலை, அந்த ஈரப் பிசுபிசுப்பை, சுரண்டி எடுத்துவிடுவேன். எடுத்த பிறகு சருகைப் பழையபடி மேலே போர்த்திவிடுவேன். வந்து பார்க்கிறவர்களுக்குக் காடு காடாகவே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சருகில் மறைக்கலாம்.

அவள் காலையிலிருந்து ஆபீசில் எண்களோடு உட்கார்ந்திருப்பாள். சதுரத்துக்கு வருவது மாதம் ஒருமுறை, அளவெடுக்க. மற்ற நாளெல்லாம் அது என் கையில்தான் இருந்தது.

எடுத்த மக்கலை என்ன செய்வது? வீணாக்க எனக்கு மனசு வராது. பக்கத்து ஊரில் பூந்தொட்டி விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். சின்ன லாரியை எடுத்துக்கொண்டு பின்வழியாக வருவார், சாக்குச் சாக்காக ஏற்றிக்கொண்டு போவார். காசு வாங்கவில்லை, சும்மா கொடுத்தேன். அந்த ஊரில் போய்ப் பாருங்கள், எந்த மாடியை நிமிர்ந்து பார்த்தாலும் பூ. போன வருஷம் சிறந்த பால்கனிக்கு ஒரு போட்டியே வைத்தார்களாம். அங்கே பூக்கிறதெல்லாம் என் மனைவியின் ஆராய்ச்சிதான். அவளுக்கே அந்தக் கடைக்காரர் ஒரு தொட்டி பரிசாகக் கொடுத்தார். ஜன்னலில் வைத்து, "மண்ணு எவ்வளவு அருமையா இருக்கு பாருங்க" என்று விரலால் அளைந்து பார்த்தாள்.

விழுந்து கிடந்த கட்டைகளை அறுத்துக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ரம்பம் என்னிடம் இல்லை, மீசைக்காரரிடம் கேட்டு வாங்கினேன். கறையான் புற்றுகளுக்கு மருந்து ஊற்றினேன். கட்டையில் முளைத்திருந்த காளான்களைக் கத்தியால் வழித்து, அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்தேன். இரண்டு மழைக்காலம் போவதற்குள் அந்தச் சதுரம் எப்படி இருந்தது தெரியுமா? நீங்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தரையில் உட்காரலாம்.

எண்கள் விழ ஆரம்பித்தன. முதலில் மண்ணில். பிறகு மரங்கள் பருக்கவில்லை. பிறகு உச்சிக் கிளைகள் காய்ந்தன. பிறகு மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், காற்றே இல்லாமல், ஒரு மரம் வேரோடு சாய்ந்தது. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கார்பன் ஏன் குறைகிறது என்று காரணம் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். மூடினால் அவள் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் குப்பை. அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள், நான் சொல்லவில்லை. மூடினால் நாங்கள் இரண்டு பேரும் நகரத்துக்கே திரும்பிப் போய்விடலாம், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது வாஸ்தவம். தோன்றுவதெல்லாம் குற்றமானால் யார்தான் வெளியே நடமாட முடியும், சார்?

அன்றைக்கு இந்த மேஜையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. ஏன் இப்படி ஆகுதுன்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலை என் தோளில் பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. காட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதுதான் வீட்டில் ஒருவன் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அதைப் பொய் சொல்ல விரும்பவில்லை, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை எழுந்து போய் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கூட்டினேன்.

காரணம் கண்டுபிடிக்க வல்லுநர்கள் வந்தார்கள். ஒருவர் பூச்சி படித்தவர், இன்னொருவர் மண் படித்தவர். எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள், நான்தான் சமைத்தேன். காடு கார்பனை இழப்பதற்கு உலகத்தில் என்னென்ன வழி உண்டோ அத்தனையும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துபோனது. தீயாக இருக்குமோ என்பார் ஒருவர். "சாம்பலே இல்லையே" என்பாள் அவள். வறட்சியோ? மழை குறையவில்லை. புயலோ? பக்கத்துக் காட்டில் ஒரு கிளைகூட முறியவில்லை. நான் தட்டுத் தட்டாகப் பரிமாறிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூச்சிக்காரர் முழுசாக ஒரு நாள் சதுரத்தில் மண்டிபோட்டுத் தேடிவிட்டு வந்தார். "மேடம், நான் இவ்வளவு காடு பாத்திருக்கேன், ஒரு கறையான்கூட இல்லாத காட்ட இப்பத்தான் பாக்கறேன். எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கு என்னவோ கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குளிக்க வெந்நீர் கேட்டார், தாராளமாகக் காய்ச்சிக் கொடுத்தேன். இவர்கள் இத்தனை பேர் தேடிய கார்பனில் பெரிய பங்கு அன்றைக்கு வெந்நீராக அவர் முதுகில்தான் வழிந்துகொண்டிருந்தது. "வெந்நீர் சுகமா இருக்கு சார்" என்று குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

மண்ணுக்காரர் விவரமானவர். சதுரத்தின் ஒரு மூலையில் கிடந்த கட்டையின் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "அங்க கெடக்கற கட்ட முறிஞ்சது இல்ல. அறுத்தது" என்றார். அவ்வளவுதான். மேஜையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரிடம் ரம்பம் இருக்கிறது? மீசைக்காரரிடம் இருக்கிறது. காட்டுக்குள் கேள்வி முறையில்லாமல் போய்வருகிறவர் யார்? மீசைக்காரர். "வேலியே பயிர மேஞ்சிருக்கு" என்றார் பூச்சிக்காரர்.

பாவம், அந்த மனிதர் வந்து நின்று சத்தியம் செய்தார். "ரம்பத்த மேடம் வீட்டுக்காரர்தான் வாங்கிட்டுப் போனாரு" என்று என்னைக் காட்டினார். நான் ஆமாம் என்றேன். "வாங்கினேன், கழுவித் துடைச்சு எண்ணெய் போட்டுத் திருப்பியும் குடுத்துட்டேனே" என்றேன். இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். "நான் வீட்டோட கெடக்கறவன், எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வீட்டோடு கிடக்கிறவனுக்கு என்ன தெரியும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை.

அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள், குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டி படுக்கைகளை வண்டியில் ஏற்றும்போது நானும் போய்க் கைகொடுத்தேன், மனசு கேட்கவில்லை. அவர் சம்சாரம் என்னைப் பார்த்து, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று சொல்லிவிட்டு மூட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கோபத்தில் வாய்க்கு வந்தது வரும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போனபிறகு அந்த வீட்டைக் கழுவிவிட்டேன். சமையலறைச் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, மதியம் வரைக்கும் ஆனது.

இப்போது மூத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சதுரத்துக்கு நடுவில் ஒரு மகா பெரிய மரம் நின்றது. அதற்கு என் மனைவி வைத்த பெயர் மூத்தவள். மூத்தவள் என்றால் நம் பேச்சில் மூத்த சம்சாரம் என்றும் ஒரு அர்த்தம் உண்டே, அப்படியானால் நான் யார் என்று நான் விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, "நூறு மரத்துல இருக்கற கார்பன் அவ ஒருத்திகிட்டயே இருக்கு" என்று ஏதோ கணக்குச் சொன்னாள். மாதம் ஒருமுறை நாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தை அளப்பாள். அத்தனை பெரிய அடிமரத்தை ஒருத்தியாக அளக்க வேண்டுமென்றால் கையை விரித்து, கன்னத்தைப் பட்டையில் வைத்து, முழுசாகக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். நாடாவின் மறுமுனை கைக்கு எட்டும்வரை அப்படியே நிற்பாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பாதையைக் கூட்டிக்கொண்டிருந்தவன் நின்று பார்த்திருக்கிறேன். அதற்குக் கண்ணை மூட வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

பொறாமையா என்று நீங்கள் கேட்க நினைப்பது முகத்தில் தெரிகிறது. மரத்தின்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா, சார்? நான் பார்த்தது பொந்தை. அடிமரத்தின் பின்பக்கம், ஆள் கை நுழைகிற மாதிரி ஒரு பொந்து. உள்ளே மெத்தென்று அழுகல், வௌவால் எச்சம், பூஞ்சை. இந்தப் பக்கம் என் மனைவி கன்னத்தை வைக்கிறாள், அந்தப் பக்கம் இவ்வளவு அசிங்கம். ஆஸ்பத்திரிக்காரன் கண்ணில் இது பட்டால் சும்மா இருப்பானா?

தியேட்டரில் குழாய் கழுவுவதற்கு நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றபோது ஆசையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை வைத்துத்தான் சுத்தம் செய்தேன். வெந்நீர், பிளீச்சிங், பிறகு சுரண்டல், மறுபடி வெந்நீர். மெத்தென்று இருந்ததெல்லாம் வந்துவிட்டது. பிறகு அதற்கு அடுத்த அடுக்கும் மெத்தென்று ஆனது, அதையும் எடுத்தேன். பல் டாக்டர் சொத்தையைச் சுரண்டுவாரே, அதே மாதிரி. அவர் கடைசியில் அடைத்துவிடுவார். நான் அடைக்கவில்லை. அதற்குள் வேர்ப்பக்கம் மண்ணும் குறைந்துபோயிருந்தது, வேரெல்லாம் வயசானவர் கை நரம்பு மாதிரி வெளியே தெரிந்தது. ஒரு நாள் பிரஷ் கை நழுவி உள்ளே விழுந்துவிட்டது. எவ்வளவு துழாவியும் எட்டவில்லை. நல்ல பிரஷ், இப்போது கிடைக்காது.

அந்தப் பிரஷ்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் அளவெடுக்கப் போன அன்று மரம் சாய்ந்தது. நல்லவேளை, அவள் நின்ற பக்கம் முழுசாக விழவில்லை. ஒரு கிளைதான் தொடையில் விழுந்து அழுத்தியது. அடிமரம் பானை மாதிரி பிளந்துவிட்டது. ஆட்கள் வந்து தூக்கும்வரை அவள் அங்கேயே மல்லாந்து கிடந்தாள், கைக்கெட்டும் தூரத்தில் மரத்தின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் படிந்து, அதன் நடுவில் என் பிரஷ். அவள் விஞ்ஞானி, சார். இத்தனை வருஷம் தேடியதற்கு அந்த ஒரு பிரஷ் போதும். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள், வலியென்று ஒரு வார்த்தை முனகவில்லையாம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மீசைக்காரரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருக்கிறாள். உங்களை இங்கே அனுப்பியதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு வருத்தமில்லை.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், காட்டுப்பக்கம் போவதெல்லாம் இனிமேல் சந்தேகம்தான். நான் பார்க்கப் போனேன். வார்டை நன்றாகக் கழுவியிருந்தார்கள், விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, அவள் தலையில் ஒரு சருகு இல்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு, சார், சாயங்கால வேளையில், வெளிச்சம் இருக்கும்போதே, அவளும் நானும் ஒரே அறையில்.

அவள் மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குப்பைன்னு நெனச்சு செஞ்சீங்களா, இல்ல என் மேல கோவத்துல செஞ்சீங்களா? கோவம்னா சொல்லிடுங்க. அது எனக்குப் புரியும். வரச் சொல்லிட்டு உங்கள தனியா விட்டவ நான்தான், அதுல என் பங்கும் இருக்கு. கோவம்னு சொன்னீங்கன்னா மேற்கொண்டு பேசலாம்."

என்னிடம் அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"சே சே, கோவமா? உன் மேலயா?" என்றேன். "சுத்தத்துக்குத்தாம்மா செஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போன நர்ஸிடம், "சிஸ்டர், இவர வெளிய அனுப்பிடுங்க. இனிமே உள்ள விடாதீங்க" என்றாள். தினமும் போகிறேன். வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு மனைவி இப்படிச் செய்வாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் பேனாவை மூடவில்லை. மிச்சம் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கத் தயங்குகிறீர்கள். மரம் விழும் என்று தெரியுமா, அதுதானே. கூட்டுகிறவன் கடைசிக் குப்பையை வாசற்படியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின நாள் பொந்துக்குள் கையை விட்டுத் தட்டிப் பார்த்தேன். காலி டின் மாதிரிச் சத்தம் கேட்டது. லேசாகத்தான் காற்றடித்தது, அதற்கே மரம் முழுசும் ஒருமுறை முனகியது. கையை எடுத்துக்கொண்டு, அடியைக் கூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அளவெடுக்கிற நாள். இதே மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, "நேத்து மூத்தவ பக்கம் போனீங்களா? எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அவளாக என்னிடம் எதையாவது கேட்டு எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா?

"கல்லு மாதிரி நிக்கிறா. கிட்டப் போயி நல்லா கட்டிப் புடிச்சே அளந்துட்டு வா" என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீரோவுக்கு மேலிருந்து பையை இறக்கினேன். அவளுக்கு இரண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு, இன்சூரன்ஸ் அட்டை. அங்கேயே தங்கவேண்டியிருக்குமே என்று எனக்கும் ஒரு சட்டை எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தவன் இல்லையா, அவசரத்தில் எதையாவது மறந்துவிடக் கூடாதே என்றுதான், வேறொன்றும் இல்லை. பையை மூடி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். காட்டுக்குள்ளிருந்து சத்தம் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.